நுரை வழித்தவள்

அந்த வீட்டுக்குள் நுழையும்போது நான் மூக்கால் மூச்சு விடுவதில்லை. வாயால்தான். பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தமும் மூத்திரமும் வாங்கி லேபில் சேர்க்கிறவள் நான். சீழ் வடிகிற காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்கிற ஜென்மம். எனக்கே அங்கே குமட்டும். தெருவில் என்னை ஊசிக்காரி என்பார்கள். அந்த வீட்டுக்காரரை அண்டாக்காரர் என்பார்கள்.

அவர்களுக்குத் தொழில் கொழுப்பு உருக்குவது. கறிக்கடைகளில் வெட்டிப் போடுகிற கொழுப்பை டிரம்மில் வாரிக்கொண்டு வருவார்கள். நறுக்கி, அண்டாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, தகர டின்னில் ஊற்றி சோப்புத் தயாரிக்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். முன்னால் இரண்டு அறை வீடு, பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகையில் மூன்று அண்டா. வெயில் காலத்தில் டிரம் வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்துவிடும். மழைக்காலத்தில் அதற்குப் போக வழியில்லாமல் சுவரிலேயே ஊறிக்கிடக்கும். சுவரைத் தொட்டால் விரல் வழுக்கும். தாழ்ப்பாள் வழுக்கும். அக்கா நீட்டுகிற டீ டம்ளர்கூட வழுக்கும்.

நான் அக்கா என்பது அண்டாக்காரரின் மனைவியை. அண்டாக்காரர் என்று பேர் வாங்கியது அவர், அண்டா முன்னால் நின்று வெந்தது இவள். இரண்டு முழங்கை வரைக்கும் தெறித்த வடு. டிரம் இறக்குவது, கொழுப்பை நறுக்குவது, அடுப்பைப் பார்ப்பது எல்லாம் அவள்தான். அவருடைய அண்ணன், பெரியவர், சரக்கு எடுக்கவும் டின் அனுப்பவும் வண்டியோடு போய்வருவார். அண்டாக்காரர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீ போதவில்லை என்பார்.

"இந்த வேலையில எல்லாம் நுரைதான் ஊசிக்காரி" என்று ஒருமுறை அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "கொதி வந்ததும் மேல சாம்பக்கலர்ல கட்டும் பாரு. ரத்தம், சவ்வு, அழுக்கு எல்லாம் அதுலதான் ஏறி வரும். நுரை நல்லா வந்தா கொழுப்பு சுத்தமாகுதுன்னு அர்த்தம். வழிக்க வழிக்க வரணும். நுரையே வரலைன்னாதான் பயப்படணும்."

நான் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

அண்டாக்காரருக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். குடி அதற்கும் முன்னாலேயே. மாத்திரையை மறப்பார், அதை மறக்கமாட்டார். காலை பத்து மணிக்கே கண் சிவந்திருக்கும். மேலுதட்டில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு. நான் ஊசியைக் குத்தும்போது என் முகத்துக்கு நேராக ஏப்பம் விடுவார். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குவளை. கழிப்பறைக்குப் பத்தடி நடக்கச் சோம்பல், எல்லாம் அதில்தான். அதை எடுத்துக் கொட்டிக் கழுவுகிறதும் அக்காதான். காறித் துப்பவேண்டும் போல இருக்கும் எனக்கு. அந்த வீட்டில் துப்புவதற்குக்கூட எனக்கு ஒரு நிமிஷம் நிற்க மனசு வராது.

அக்காவின் சண்டையெல்லாம் குடியோடுதான். இருபத்திரண்டு வருஷம். பாட்டிலை ஒளித்துப் பார்த்தாள், உடைத்துப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஒருமுறை பாட்டிலை அடுப்பில் எறிந்து கொட்டகைக் கூரை கருகிப்போனது. அவர் மசியவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுப் பக்கம் ஊசி விட்டு, கிட்னியிலிருந்து நூல் அளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வாங்க என்னையும் கூப்பிட்டாள் அக்கா. "நீ கூட இருந்தா அவங்க சொல்றது கொஞ்சம் புரியும்" என்றாள்.

டாக்டர் பொறுமைசாலி. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"கிட்னி ஓயாம வேலை செய்யுதுங்க. அதுக்கு எரிக்க ஏதாவது வேணும்ல. அது பெரும்பாலும் கொழுப்பைத்தான் எரிக்குது. உங்க சர்க்கரை ஒரு பக்கம் அந்த எரியிற வேலையைக் கெடுக்குது. குடி இன்னொரு பக்கம் கெடுக்குது. ரெண்டும் சேர்ந்தா சேதம் ஜாஸ்தி. எரியாத கொழுப்பு சொட்டுச் சொட்டா உள்ளேயே தங்கிருச்சு. உங்க சதையில அதைப் பார்த்தோம். இப்படியே போனா வீங்கி, தழும்பாகி, கிட்னி நின்னுரும்."

அண்டாக்காரர் பல்லைக் காட்டினார். "கிட்னிக் கொழுப்புன்னா எங்க தொழில்ல முதல் தரம் டாக்டர். வெள்ளையா, கெட்டியா நிக்கும். அதுக்குத்தான் கிராக்கி."

"அது கிட்னியைச் சுத்தி வெளிய இருக்கிறது. நான் சொல்றது உள்ள. இது உங்களுக்கு நல்லதில்ல." டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் நேரம் இருக்கு. ஒரு சொட்டு குடிக்கக்கூடாது. சர்க்கரை மாத்திரை தவறக்கூடாது. மூத்திரத்துல புரதம் ஒழுகுது, அதைக் குறைக்க ஒரு மருந்து தரேன். மூணு மாசத்துக்கு ஒருதடவை பரிசோதனை. இருக்கிற கிட்னியைக் காப்பாத்திரலாம்."

"கொழுப்பை எடுத்தா சரியாயிருமா டாக்டர்?" அக்கா கேட்டாள்.

"அது தங்காம பாத்துக்கணும்மா."

எல்லாம் சொன்னார் அந்த மனுஷர். நுரை என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. புரதம் ஒழுகினால் மூத்திரம் நுரைக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேன். நானும் சொல்லவில்லை. வாசனை சோப்பு போட்டுக் குளிக்கவேண்டும் என்ற நினைப்பிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நான் போனபோது அண்டாக்காரர் வாசலிலேயே மறித்தார். "வேண்டாம் போ. சும்மா சும்மா வந்து ரத்தத்தை உறிஞ்சிட்டுப் போற. எனக்கு உடம்பு தேறிருச்சு." உள்ளே அக்கா கையை ஆட்டி, போ, நல்லாத்தான் இருக்கார் என்பதுபோலச் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வீடு குறைந்தது என்று எனக்கும் நிம்மதி. ஒளிக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் திரும்பினேன்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மழை விட்டும் விடாத ஒரு காலை நேரத்தில் அக்காவே லேபுக்கு வந்து நின்றாள். முந்தானையெல்லாம் நனைந்திருந்தது.

"ஊசிக்காரி, கொஞ்சம் வாயேன். அவருக்கு முகமெல்லாம் உப்பிருச்சு. மூச்சு இழுக்குது. ஆனா நுரை நல்லாத்தான் வருது."

"என்ன நுரை?"

"வாயேன், காட்டறேன்."

போனேன். அண்டாக்காரர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கண் இரண்டும் உப்பிய மாவுக்குள் அழுத்திய மாதிரி இருந்தது. அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து குவளையை இழுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். விளிம்பு வரைக்கும் வெள்ளை நுரை, கலையாமல் நின்றது.

"பாத்தியா? முன்னெல்லாம் இவ்வளவு வராது. மாசா மாசம் ஏறிக்கிட்டே வருது. உள்ள இருக்கிற கொழுப்பு கரைஞ்சு வெளிய வருது." அவள் முகத்தில் பெருமை. "மருந்து வேலை செய்யுது."

"எந்த மருந்துக்கா?"

அவள் அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. பக்கத்தில் பாட்டில். பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டிலேயே வழுக்காத சாமான் அது ஒன்றுதான்.

"காலையில அரை, சாயங்காலம் அரை. அதுக்கு மேல ஒரு சொட்டு தரமாட்டேன். அளந்து நானே ஊத்திக் குடுப்பேன்."

பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து அவளிடம் காட்டினேன். "அக்கா, டாக்டர் குடிக்கவே கூடாதுன்னாரே."

"குடியா குடிக்கக்கூடாதுன்னாரு. இது மருந்தாத்தானே குடுக்கறேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே இவரு செஞ்சு காட்டினாரு. கட்டிக் கொழுப்பை எடுத்து என் கையில தேய்ச்சாரு. தண்ணி ஊத்தினாரு, போகலை. இதை ஊத்தித் தொடைச்சாரு, அப்படியே வழிச்சிக்கிட்டு வந்துருச்சு. நாங்களே சோத்துக்கு உக்காரும் முன்னாடி ஸ்பிரிட் போட்டுத்தானே கை தொடைக்கிறோம். 'கொழுப்புதானே கோளாறு, அதை இதைவிட்டா வேற எது கரைக்கும்'னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. மறுநாளே குவளையைப் பாத்தேன், நுரை இருந்துச்சு. எனக்கு நுரை தெரியாதா?"

அடி பாவி அக்கா. இருபத்திரண்டு வருஷம் எந்தப் பாட்டிலை உடைத்தாளோ அதையே கழுவிய டம்ளரில் ஊற்றி, நேரம் தவறாமல், வாயருகே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

நான் சொன்னேன். நுரை என்றால் என்ன என்று, டாக்டர் சொல்லாததையும் அன்றைக்கு நான் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். உடம்பில் நிற்கவேண்டிய சத்து கிட்னி ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்றேன். நுரை ஏற ஏறக் கிட்னி போகிறது என்று அர்த்தம் என்றேன். குடி எதையும் கரைக்கவில்லை, கொழுப்பை இன்னும் அதிகமாகத் தங்க வைத்தது என்றேன். அவள் குவளையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கொட்டிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

நான் ஊசியை எடுத்தேன். அவர் கையில் நரம்பு கிடைக்கவில்லை. விரலை எடுத்தால் குழி அப்படியே நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே நம்பினீங்களா, அது மருந்துன்னு?"

அவர் சிரித்தார். மூச்சு இழுத்து இழுத்துச் சிரித்தார். "நான் நம்பணும்னு என்ன இருக்கு? அவ நம்பினா போதாதா? இருபத்திரண்டு வருஷத்துல இந்த ஒரு வருஷம்தான் வீட்டுல சத்தம் இல்லாம குடிச்சேன். அவளே எடுத்துக் குடுப்பா. தொட்டுக்க முட்டை அவிச்சுத் தருவா. ராஜா மாதிரி இருந்தேன் போ."

பின்பக்கம் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தத்தின் முடிவைப் பார்த்ததும் லேபிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். அன்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டு, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆறு வாரம் பார்த்துவிட்டு டாக்டர் பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: இனி இந்தக் கிட்னி ஓடாது. டயாலிசிஸ் செய்துகொண்டே இருக்கவேண்டும், இல்லை யாராவது ஒரு கிட்னி தரவேண்டும். குடியை அவர் நிறுத்திக் காட்டினால்தான் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்; அதற்குள் கொடுப்பவர் யார் என்று பார்த்து வைக்கலாம்.

பெரியவர் கொட்டகைக்கு வந்தார். நான் அன்று அக்காவின் கைக்குத் தீக்காய மருந்து கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே வெயில், உள்ளே அனல், நடுவில் அந்த மனுஷர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கொட்டகைக்குள் எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

"ஏம்மா, யோசிச்சியா?"

"எதை மாமா?"

"கிட்னிதான். பொண்டாட்டி தராம வேற யாரு தருவா? ஊருல கேட்டா சிரிப்பாங்க."

அக்கா அகப்பையால் நுரையை வழித்து வாளியில் தட்டினாள்.

"தம்பி எல்லாத்தையும் சொன்னான். நீதானே ஊத்திக் குடுத்த? அவன் நோயாளி, கேப்பான். உனக்கு எங்க போச்சு புத்தி? பதினாலு மாசம் ஊத்திக் குடுத்துட்டு இப்ப வாயை மூடிக்கிட்டு நின்னா எப்படி? ஊத்துனவதான் ஈடு கட்டணும்."

வாய் கூசாமல் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ரத்தம் எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். "பொருந்துதான்னு பாக்கட்டும்."

அவள் ரத்தத்தை எடுத்தது நான்தான். அவள் கையைத் துடைத்த பஞ்சு மஞ்சளாகப் பிசுபிசுத்தது. மூன்று பஞ்சு ஆனது. கெட்டியான நரம்பு, ஒரே குத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் பத்துப் பரிசோதனை செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கொட்டகையை மூடிவிட்டு வந்தாள், முடித்துவிட்டுப் போய் அடுப்பு மூட்டினாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள்.

"எனக்கும் உள்ள கொழுப்பு இருக்குமா ஊசிக்காரி?"

"உனக்கென்னக்கா. நீ குடிச்சியா, சர்க்கரையா?"

"கொஞ்சமாவது இருந்துச்சுன்னா தேவலை" என்றாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொருந்தக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

முடிவு சொல்கிற நாளில் எல்லோரும் போனோம். பெரியவர், அண்டாக்காரர், அக்கா, நான். டாக்டர் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் என் கையை விடவில்லை; நானும் போனேன். டாக்டர் கதவைச் சாத்தினார்.

"உங்க கிட்னி ரெண்டும் ரொம்ப நல்லா இருக்கும்மா. பொருந்துது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. நல்ல செய்தி கேட்டு இப்படி இடிந்துபோன முகத்தை நான் பார்த்ததில்லை.

"இப்ப நான் கேக்கிறதுக்கு நிஜத்தைச் சொல்லுங்க. வெளிய இருக்கிறவங்க யாருக்கும் தெரியாது. தர உங்களுக்கு இஷ்டமா?"

அவள் தரையைப் பார்த்தாள். "இல்லைங்க டாக்டர்" என்றாள்.

"சரி. அவ்வளவுதான் எனக்கு வேணும். வெளிய நான் வந்து, 'இவங்க தர முடியாது'ன்னு மட்டும் சொல்லிடறேன். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கதவைத் திறக்கும் முன்னால் அவள் காதில் சொன்னேன்: "வாயைத் திறக்காத அக்கா. பொருந்தலைன்னு நினைச்சுக்கட்டும். தப்பிச்சோம்னு வா."

வராந்தாவில் நீளமான பெஞ்சு. அண்டாக்காரர் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து லேசாக வாடை வந்தது. கொழுப்பு வாடை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற அன்றைக்குமா என்று எனக்கு அருவருப்பில் உடம்பே கூசியது. பெரியவர் எழுந்து வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"பொருந்துதாம் மாமா. எல்லாம் நல்லா இருக்காம். நான்தான் தரமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல உள்ளே போய்விட்டார்.

"என்னம்மா பேச்சு இது?" பெரியவர் குரல் ஏறியது. "ஊத்திக் குடுத்தது யாரு?"

"நான்தான். இல்லைன்னு எங்கயும் சொல்லமாட்டேன். நான் தெரியாம ஊத்துனேன். அவரு தெரிஞ்சு குடிச்சாரு. குழாயை மூடிட்டு நின்னு நானே கேட்டேன்." குரல் நடுங்கவில்லை அவளுக்கு. "நீங்களும் கூடப்பொறந்தவருதானே மாமா. ஊசிக்காரி இங்கதான் நிக்கிறா. கையை நீட்டுங்க."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி நிக்குது. டின் ஏத்தணும்" என்றார். மாடிப்படியில் இறங்கும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு வாடையும் இல்லை.

நான் தலை குனிந்து நின்றேன். அத்தனை நாள் அந்த வீட்டைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது என்மேலேயே வந்தது. பொய்க்குள் ஒளிந்துகொள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அண்டாக்காரர் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் சாகணுமா?"

"டயாலிசிஸ் இருக்கு. செத்தவங்க குடுக்கிற கிட்னிக்கு வரிசை இருக்காம். நீங்க குடிக்காம இருந்தா பேரு எழுதுவாங்களாம்."

"வாரத்துக்கு மூணு நாளு. யாரு என்னைக் கூட்டிக்கிட்டு வர்றது?" ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார், வெட்கமில்லாமல்.

"நான்தான். வேற யாரு இருக்கா?" அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "ஏத்தி எறக்கறேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். காலைக் கழுவி விடறேன், குவளையைக் கொட்டறேன். இத்தனை நாளும் செஞ்சதுதானே. என் உள்ள இருக்கிறதை மட்டும் கேக்காதீங்க. அது ஒண்ணுதான் இன்னும் உங்க கை படாம இருக்கு."

அவர் எழுந்திருப்பதற்குக் கையை நீட்டினார். அக்கா பிடித்துத் தூக்கிவிட்டாள்.